வெறுங்கால் மெடல்

மெடல் பெட்டியைத் திறந்த அன்று ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் இருந்தார். பூசாரி இருந்தார். ஊர்ப் பந்தயத்தில் ஓடப்போகிற ஏழு பேரும் குளித்துத் தலைசீவி வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா, தங்கை, பக்கத்து வீட்டுச் சின்னம்மா எல்லாரும் இருந்தார்கள். அப்பா இல்லை. காப்பிக்காட்டில் சோலி கிடக்கிறது என்று போய்விட்டார். பெற்ற மகனை ஊர் பாராட்டுவதை நேரில் நின்று பார்க்க அவருக்குக் கூச்சம். ராவுத்தரும் இல்லை. அந்த மெடல்களை எங்களுக்குச் செய்வித்துக் கொடுத்தவர் அவர்தான். அவரும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கொடைக்கானல் பஜாரில், இறக்கத்தில், ரொட்டிக் கடைக்கு அடுத்தது அவர் கடை. பேனா, மை, வாட்ச் வார், மூக்குக் கண்ணாடிக் கூடு என்று சில்லறைச் சாமான்கள் முன்னால் இருக்கும். பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியில் வெள்ளி நிறக் கோப்பைகளும், ஊதா வெல்வெட்டில் குத்திவைத்த பத்துப் பன்னிரண்டு மாதிரி மெடல்களும். மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடங்கள், படகுப் பந்தயம் நடத்துகிறவர்கள், பூக்கண்காட்சி வைக்கிறவர்கள் எல்லாருக்கும் மெடல் அவர் மூலம்தான் மதுரையிலிருந்து வரும். கடைப் பலகையில் ‘பேனா, வாட்ச், பரிசுச் சாமான்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எல்லாருக்கும் அவர் ராவுத்தர்தான். அதற்கு மேல் அவர் பெயர் எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கடைக்கு மேலேயே ஓர் அறையில் தனியாக இருந்தார். குடும்பம் உண்டா, இருந்தால் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் தெரியாது.

தெரிந்ததெல்லாம் அவர் கேள்விகள். பஜாரில் யார் மெடலுக்கு ஆர்டர் கொடுக்கக் கிளம்பினாலும் எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்வார்:

“ஏலே, ராவுத்தர் கடைக்கா போற? கட்டுச்சோறு எடுத்துக்கிட்டியா?”

அவரிடம் நீளமான ஆர்டர் நோட்டு ஒன்று இருந்தது. வந்தவரை உட்காரவைத்துவிட்டு, கேள்வியை முதலில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் பதிலுக்கு இடம் விடுவார். பதில் வந்ததும் அந்த இடத்தை நிரப்புவார். அப்புறம் அடுத்த கேள்வி. எத்தனை மெடல்? என்ன சைஸ், ரூபாய் அளவா, அரை ரூபாய் அளவா? பித்தளையா, வெள்ளியா, பித்தளைமேல் கில்ட் முலாமா? ஒரு பக்கம் மட்டும் சித்திரமா, இரண்டு பக்கமுமா? எனாமல் வர்ணம் உண்டா? உண்டென்றால் எத்தனை வர்ணம், ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியாகச் சூளையில் வைத்து எடுக்க வேண்டும். குண்டூசியா, வளையமும் ரிப்பனுமா? அட்டைப் பெட்டியா, வெல்வெட் பெட்டியா? அவசரமா, ஆறப்போட்டா? ஒவ்வொரு கேள்வியிலும் விலை ஏறும், இல்லையென்றால் இறங்கும். அவர் சொல்கிற விலையில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை. ஆனாலும் கேள்வி அதற்காக மட்டும் இல்லை என்று எனக்குப் பிறகு பட்டது.

பூக்கண்காட்சிக்கு ஒரு ரிட்டையரான ஆபீசர் காரியதரிசி. அவசரக்காரர். நான் கடையில் நிற்கும்போதே வந்தார்.

“பன்னெண்டு மெடல். ஒரு ரோஜாப்பூ. அவ்வளவுதான்.”

“மொட்டுங்களா, விரிஞ்சதுங்களா?”

“விரிஞ்சது.”

“தண்டு உண்டுங்களா?”

“உண்டு.”

“முள்ளு?”

“மெடல்ல முள்ளு எதுக்குய்யா?”

“எனக்கு எதுக்குங்க? முள்ளு வச்சா அச்சு வெட்டுறவரு தனியாக் கேப்பாரு. வேணாம்னா இப்பவே வேணாம்னு எழுதிக்கிறேன். ஆமா, போன வருஷம் நீங்க வச்ச அந்தக் கறுஞ்சிவப்பு ரோஜா பொழைச்சுக்கிச்சுங்களா?”

அதுவரை குடையைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்த மனிதர் குடையைச் சுவரில் சாய்த்தார். ரோஜா பட்டுப்போன கதையைச் சொல்ல அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ராவுத்தர் அந்தக் கதையையும் நோட்டில் எழுதிவிடுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தடவை ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டிலிருந்து நாலு பேர் வந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் சமைத்தவர் வேலையை விட்டுப் போகிறார், அவருக்கு ஒரே ஒரு மெடல் வேண்டும் என்றார்கள். ஒரு மெடலுக்காக அச்சு வெட்டினால் கட்டுப்படியாகாது, ஒன்று அடித்தாலும் நூறு அடித்தாலும் அச்சுக்கூலி ஒன்றுதான் என்று ராவுத்தர் விளக்கினார். வெறும் வட்டத் தகட்டில் பெயரைக் கையால் வெட்டித் தருவதாகச் சொன்னார்.

“பேரு?”

“பட்லர்னு போடுங்க.”

“அது வேலைங்க. பேரு?”

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “நாங்க எல்லாரும் பட்லர்னுதாங்க கூப்புடுவோம்.”

“சரிங்க. அவுக அம்மா என்னன்னு கூப்புட்டிருப்பாங்க?”

ஒருவன் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ராவுத்தர் நோட்டை மூடிவிட்டு, “கேட்டுட்டு வாங்க, நான் எங்கயும் போகமாட்டேன்” என்றார். நாலாம் நாள் அவர்கள் வந்து ‘அந்தோணி பிச்சைமுத்து’ என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார்கள். இங்கிலீஷ் எழுத்துக்கு மதுரையில் தட்டிப் பதிக்கிற குத்தச்சு இருக்கிறது, எழுத்துக்கு நாலு நயா பைசா. தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் உளியால் வெட்ட வேண்டும், ஆறு நயா பைசா. கொம்புக்கும் புள்ளிக்கும் தனிக்காசு உண்டா என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கு ராவுத்தர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் கேட்கிற மாதிரியே ஒரு கேள்வியை அவரிடமே ஒருவர் கேட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சீசன் முடிந்தால் பஜார் ஓய்ந்துவிடும். ஐப்பசியில் மேகம் தெருவுக்குள்ளேயே இறங்கி, எதிர்க்கடை தெரியாது. அப்படி ஒரு நாள் சங்கத்து ஆபீசுக்காக ஒரு புட்டி மை வாங்கப் போனேன். கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“கடுதாசி எழுதவா, கணக்கு எழுதவா?”

“கணக்குக்குங்க.”

“அப்ப நீலக்கறுப்பு. நிப்பு தடிப்பா, மெலிசா? ஆபீஸ்ல சன்னலோரமா உக்காந்திருக்கீங்களா, உள்ளாற தள்ளியா?”

“அதுக்கும் மைக்கும் என்னங்க?”

“உள்ளாற வெளிச்சம் கம்மி. கம்மியா இருந்தா மை கறுப்பா இருக்கணும்ல?”

அப்புறம் டீ வரவழைத்தார். எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், எங்கள் பக்கம் காப்பி எப்போது பூக்கும், எங்கள் ஊர் வெள்ளகவியிலிருந்து ஏறிவர எத்தனை நேரமாகும், வழியில் காட்டுமாட்டைப் பார்த்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தபோது, “நாளைக்கு இந்தப் பக்கம் வருவீங்களா தம்பி?” என்றார். ஒரு புட்டி மை மூன்று மாதத்துக்கு வரும். அதை அவரிடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஊரிலும் என்னோடு சேர்த்து இரண்டு மூன்று பேர்தான். அதனால் சித்திரைப் பௌர்ணமிக்கு இளவட்டங்கள் ஊரிலிருந்து வட்டக்கானல் பாறைவரை ஓடித் திரும்புகிற பந்தயத்தை அந்த வருஷம் முறைப்படி நடத்த வேண்டும் என்று நான் சொன்னபோது பெரியதனக்காரர் மறுக்கவில்லை. முதலில் வருகிறவனுக்கு வேட்டி எப்போதும் உண்டு. அதோடு, ஓடுகிற ஏழு பேருக்கும் மெடல் என்றேன்.

“மெடலுன்னா?” என்றார் பெரியதனக்காரர்.

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குடுப்பாங்கள்ல, நெஞ்சுல குத்திக்கிறது.”

“நம்ம பயலுகளுக்கும் குடுப்பாங்களா?”

“நாம செஞ்சாக் குடுக்கலாம்யா.”

வீட்டுக்கு வீடு காப்பிக்கொட்டை தந்தார்கள். ஆளுக்கு ஒரு படி, முடியாதவர்கள் அரைப்படி. அதை விற்ற காசை என் கையில் கொடுத்தார்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். “நீ படிச்சவன், நீ எண்ணுனாச் சரி” என்றார் பூசாரி. அந்தச் சொல் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஆர்டர் கொடுக்கப் போன நாள் சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ். முடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்கு இறங்க வேண்டும் என்ற அவசரத்தில் போனேன். ராவுத்தர் என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஏழு மெடல் என்றதும் உதட்டைப் பிதுக்கினார்.

“ஏழுக்குப் புது அச்சு வெட்டுனா முப்பத்தஞ்சு ரூபா அச்சுக்கே போயிரும். மெடலுக்கு அஞ்சு ரூபா அச்சுக்கூலி விழும். வேணாம். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பண்ணுன அச்சு மதுரையில சும்மா கெடக்கு. ஓடுற ஆளு. அதுல அடிச்சுருவோம். கில்ட்டு போட்டு ஒண்ணு ரெண்டேகால் ரூபா. ரிப்பன், வளையம் கால் ரூபா.”

எனக்குத் தலையிலிருந்து மலை இறங்கியது போல இருந்தது. கையில் இருந்த காசு மிஞ்சும்.

“இன்னும் நாலே நாலு கேள்வி தம்பி” என்று நாலையும் வரிசையாக நோட்டில் எழுதினார்.

“கேள்வி வேணாம்ங்க ராவுத்தரய்யா. ஆளு ஓடுனாப் போதும். எல்லாம் நீங்களே பாத்துச் செய்யுங்க. வெளிச்சம் போயிட்டா வழியில காட்டுமாடு நிக்கும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நாலுதான் தம்பி.”

“வெரசாப் போகணும்ங்க.”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “சரிங்க” என்றார். நான் வாசலைத் தாண்டும்வரை அவர் நோட்டை மூடவில்லை.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் பெட்டி வந்துவிட்டது. ஊர் எல்லையில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனேன். எல்லாரையும் கூட்டி வைத்துத் திறந்தேன். கில்ட்டு வெயிலில் மின்னியது. சின்னம்மா “அடேயப்பா, பவுனா?” என்றாள். பெரியதனக்காரர் ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். அப்புறம் கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். பூசாரியிடம் கொடுத்தார்.

“கால்ல என்னய்யா போட்டிருக்கான்?” என்றார் பூசாரி.

நான் வாங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் விளையாட்டுக்குப் போடுகிற பூட்ஸ். கயிறு கட்டியது வரை துல்லியமாக வெட்டியிருந்தது.

வெள்ளகவியில் செருப்பு எல்லையோடு சரி. ஊரே கோயில் என்பது எங்கள் கணக்கு. மணியார்டர் கொண்டுவருகிறவரும் கழற்றிவிட்டுத்தான் வருவார். மலையேற வரும் வெள்ளைக்காரர்களிடமும் சொல்லிவிடுவோம். அந்த ஊருக்குள், சாமிக்கு முன்னால், ஏழு ஜோடி பூட்ஸை நான் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். பந்தயத்தன்று அதை ஏழு பேர் நெஞ்சில் குத்திக்கொண்டு சந்நிதியில் நிற்பதாக ஏற்பாடு.

ஓடுகிறவர்களில் மூத்தவன் சொன்னான்: “மேல படிக்கப் போனவன் செருப்போட திரும்பி வந்திருக்கான்.” சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் தரையைப் பார்த்தாள்.

“வெளியாளுக கையில குடுத்தா இப்படித்தான்” என்றார் பெரியதனக்காரர். “பொங்க வச்சுத் தீட்டக் கழிச்சுருவோம். வைகாசிப் பௌர்ணமிக்கு ஓட்டத்த வச்சுக்கலாம். அதுக்குள்ள நீ இதச் சரிபண்ணு. முடியலன்னா மெடலுப் பேச்சே வேணாம்.” முடியாவிட்டால் இனி எந்தப் பேச்சுக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்பது அதற்குள் அடங்கியிருந்தது.

மறுநாள் வெள்ளனே ஏறினேன். வழியெல்லாம் ராவுத்தரை ஏசுவதற்குச் சொல் சேர்த்துக்கொண்டே போனேன். கடையில் பெட்டியை வைத்து, “என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க!” என்று ஆரம்பித்தேன். கடைசிவரை கேட்டார். ஆர்டர் நோட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

‘ஆள் காலில் என்ன?’ என்று இருந்தது. பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

விரல் முதல் வரியில் இருந்ததால் மற்ற மூன்றையும் என்னால் படிக்க முடிந்தது. ‘பெயர் உண்டா, எந்த பாஷை?’ ‘விழா என்றைக்கு?’ நாலாவது: ‘வெளியாள் வரலாமா?’

“என் தப்புத்தான் தம்பி,” என்றார். “கேக்காம ஆர்டர் எடுக்குற பழக்கம் எனக்கு இல்ல. எடுத்துட்டேன்.”

முதலில் அரத்தை எடுத்து ஒரு மெடலில் பூட்ஸை ராவிப் பார்த்தார். ஊதித் துடைத்துக் காட்டினார். ஆளுக்குக் கணுக்காலோடு முடிந்துவிட்டது.

“பாதம் இல்லாம ஓடுறான்” என்றேன்.

“பாதம் இல்லாதவன் எப்படி ஓடுறான்னு கேப்பாங்க. வேணாம். புது அச்சுத்தான்.”

முப்பத்தைந்து ரூபாய்க்கு நான் எங்கே போவேன் என்று நின்றேன். அவர் நோட்டில் புதுப் பக்கம் புரட்டினார்.

“அச்சு என் கணக்கு. என் அலமாரியில இருக்கட்டும். நாளைக்கு வேற யாராவது வெறுங்காலோட ஓடாமலா போவாங்க? உக்காருங்க தம்பி. பாதம் மட்டும் தெரிஞ்சாப் போதுமா, அஞ்சு வெரலும் தெரியணுமா? வெரலுக்கு நாலு ரூபா கூடக் கேப்பாரு.”

“பாதம் போதுங்க.”

“பூசாரி கிட்டக்க வச்சுப் பாப்பாருன்னு சொன்னீங்கள்ல?”

“ஆமா.”

“அப்ப வெரலு வேணும். எழுதிக்கிறேன்.”

அன்றைக்கு நான் அவசரப்படவில்லை. தலை நிமிர்ந்து ஓடுகிறானா, குனிந்தா? வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறானா, தார்பாய்ச்சியா? பின்னால் மலை வேண்டுமா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பெயர், ஏழு பேருக்கும், தமிழில் என்றேன். நாற்பத்தொரு எழுத்து வந்தது. ரிப்பனும் வளையமும் பழசையே மாட்டிக்கொள்ளலாம் என்றார். விழா என்றைக்கு என்று கேட்டார். வைகாசிப் பௌர்ணமி என்றேன், எழுதிக்கொண்டார். அடுத்த வரி எது என்று எனக்குத் தெரியும். அவர் அதை எழுதவும் இல்லை, கேட்கவும் இல்லை. பென்சில் கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் நின்றது. ‘நீங்களும் வாங்க’ என்று நானும் சொல்லவில்லை. வெளியாள் கையில் கொடுத்ததால் வந்த வினை என்று பெரியதனக்காரர் சொன்னது என் காதில் இருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்கு. நோட்டை மூடிவிட்டார்.

வைகாசியில் மெடல் வந்தது. பூசாரி கிட்டக்க வைத்துப் பார்த்து ஐந்து விரலையும் எண்ணினார். “நம்ம பய” என்றார். செருப்பென்று சொன்ன மூத்தவன்தான் முதலில் ஓடிவந்தான். வேட்டியைத் தோளில் போட்டு, மெடலைக் குத்தி, மூச்சு வாங்க என்னிடம் வந்தான்.

“ஏப்பா, வட்டக்கானல் பாறைகிட்ட ஒரு ஆளு நின்னாரு. மப்ளர் கட்டிக்கிட்டு. மெடலுக் கடைக்காரராம்ல?”

“என்ன சொன்னாரு?”

“கேட்டாரு. மூச்சு முட்டுதா, முள்ளு குத்துச்சா, இன்னும் எத்தனை பேரு வர்றாங்கன்னு. ஓடுறவன நிறுத்தி வச்சுக் கேள்வி! நம்ம ஊரு எல்லை எங்கயோ கெடக்கு, அங்கனயே செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு. கீழ வாங்கன்னேன். யாரும் கூப்புடலையேன்னாரு.”

நான் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். அபிஷேகம் ஆரம்பித்திருந்தது, பெயர்களைப் படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். படித்தேன். அடுத்த மாதமே எனக்குப் பழனிக்கு மாற்றல் வந்தது.

அந்த மெடல்களுக்கு ஆன செலவை நான் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். பூட்ஸ் போட்ட ஏழும் ரிப்பன் வளையத்தோடு பதினேழு ரூபாய் ஐம்பது. பஸ் பார்சல் இரண்டு தடவைக்குமாக ஒன்று ஐம்பது. ஊர்த் தீட்டைக் கழிக்கப் பொங்கலும் தேங்காயும் பதினொரு ரூபாய். வெறுங்கால் மெடல் ஏழும் பதினைந்து ரூபாய் எழுபத்தைந்து. தமிழ் எழுத்து நாற்பத்தொன்றுக்கு இரண்டு ரூபாய் நாற்பத்தாறு. அவர் தன் கணக்கில் போட்டுக்கொண்ட அச்சு முப்பத்தைந்து, விரல்களுக்கு நாலு. ஊருக்கும் எனக்கும் அவருக்குமாக மொத்தம் எண்பத்தேழு ரூபாய் இருபத்தொரு நயா பைசா.